நல்ல மாட்டுக்கு ஒரு சூடும் வேணாம்



மாட்டுப் பொங்கலுக்கு சென்னையிலேர்ந்து என் அக்கா மகன் வந்திருந்தான். கொட்டாயில நின்ன கிடேரியோட காதுல மஞ்சள் வில்லையைப் பார்த்துட்டு, “பாவம் மாமா, வாயில்லா ஜீவன். காதைக் குத்தி நம்பர் மாட்டியிருக்கீங்களே”ன்னான். பக்கத்துல நின்ன கிழட்டுப் பசுவோட சப்பையில வட்டமா ஒரு தழும்பு. “இது நம்ம பாரம்பரிய வைத்தியம்தானே மாமா?”ன்னு அதை ஆசையா போட்டோ எடுத்துக்கிட்டான்.

எனக்கு சுருக்குன்னுச்சு. அந்தத் தழும்பை வைக்கச் சொன்னவன் நான்தான்.

பத்து வருசத்துக்கு முன்னாடி அதுக்குக் கோமாரி வந்துச்சு. வாயெல்லாம் புண்ணு, குளம்பு நடுவுல வெடிப்பு. பெரியவங்க “சூடு வையிடா, சரியாப் போவும்”னாங்க. நாலு பேரு கயிறு போட்டு சாய்ச்சுப் புடிச்சோம். பழுக்கக் காய்ச்சின இரும்பை வச்சாங்க. தோல் பொசுங்குன வாடை இன்னும் மூக்குலயே நிக்குது. ஐப்பசி மழை வேற. சூட்டுப் புண்ணுல ஈ மொய்ச்சு புழு வச்சிடுச்சு. கோமாரி ரெண்டு வாரத்துல ஆறிடுச்சு. சூடு ஆற ரெண்டு மாசம் ஆச்சு. ஆனா சூடு வச்சவரு, “பாத்தியா, கேட்டுச்சா இல்லையா”ன்னாரு. அந்தப் பசு இன்னிக்கும் நான் பின்னால போய் நின்னா ஒதுங்குது.

சூட்சுமமே இதுதான். கோமாரி வைரஸ் நோய். வளர்ந்த மாடு பெரும்பாலும் தானாவே தேறிக்கும். பேரைச் சூடு தட்டிக்கிட்டுப் போயிடும். சப்பை நோய் அப்படி இல்ல. அது பாக்டீரியா. ஒண்ணு ரெண்டு நாள்லயே மாட்டைச் சாய்ச்சிடும். ஆரம்பத்துலயே மருந்து ஏறுனாதான் கொஞ்சமாவது வாய்ப்பு. அந்த நேரத்துல இரும்பு காய்ச்சிக்கிட்டு நின்னா மாடு போயிடும்.

பாரம்பரியம்தான் வேணும்னா அதுக்கும் வழி இருக்கு. கோமாரிக்கு சீரகம், வெந்தயம், மிளகு ஊற வச்சு, மஞ்சள், பூண்டு, வெல்லம், தேங்காய்த் துருவலோட அரைச்சு வாயில தடவுறதை நம்ம கால்நடைப் பல்கலைக்கழகமே சொல்லிக் குடுக்குது. அதுவும் நம்ம முன்னோர் அறிவுதான். அதுல யாரும் யாரையும் பொசுக்கலை.

“சூடு அடையாளத்துக்கும் ஆச்சே”ன்னு சிலர் கேப்பாங்க. மகாபாரதத்துல துரியோதனன் மாடு கணக்கெடுக்கவும் கன்னுங்களுக்குக் குறி போடவும்னு சொல்லிக்கிட்டுத்தான் காட்டுக்குப் போறான். ஆயிரக்கணக்குல மந்தை மேஞ்ச காலம் அது. நம்மகிட்ட இருக்கிறது ரெண்டு மாடு. அது நம்ம குரலுக்கே திரும்பிப் பாக்கும். சந்தையில சூட்டுத் தழும்பைப் பார்த்தா வியாபாரி முதல்ல கேக்குறது, “என்ன நோவு இருந்துச்சு?” அங்கயே விலை எறங்கிடும்.

காது வில்லையில இருக்கிறது 12 இலக்க எண். 2019-ல ஆரம்பிச்ச தேசிய கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்துல ஆறு மாசத்துக்கு ஒருக்கா போடுற கோமாரி ஊசி அந்த எண்லதான் பதிவாகுது. ஊசி போட்டா பால் ஒருநாள் ரெண்டு நாள் குறையலாம். கோமாரி வந்தா அந்த ஈத்துப் பாலே போச்சு. இன்சூரன்ஸும் இந்த எண்ணை நம்பித்தான். வில்லை இல்லேன்னா இழப்பீடு இல்ல.

அதுக்காக எப்படி வேணும்னாலும் குத்தலாமா? கூடாது. அவசரத்துல காது ஓரத்துல குத்திட்டுப் போறவங்களும் இருக்காங்க. முள்வேலியில மாட்டிக் காதே கிழிஞ்சிடும். ரத்தக்குழாயை விட்டு, ரெண்டு குருத்தெலும்பு வரிக்கு நடுவுல, காதோட மத்தியில குத்தணும். கருவியை மாட்டுக்கு மாடு சுத்தம் பண்ணணும். அப்புறம் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைச்சு ஆறுற வரைக்கும் தடவணும். கூட நின்னு கேட்டு வாங்குங்க. அது நம்ம உரிமை.

நெய்வேலி டவுன்ஷிப்புல ராத்திரி எந்த வட்டத்துக்குப் போனாலும் ரோட்டுல மாடு படுத்துக் கிடக்கும். கறவை நேரத்துக்கு மட்டும் சொந்தக்காரன் வந்துடுவான். வண்டியில அடிபட்டுக் கால் ஒடிஞ்சா ஒருத்தனும் எட்டிப் பாக்க மாட்டான். வில்லை வேணாம்னு ஓடுறவங்கள்ல பாதிப் பேருக்கு மாட்டோட காது வலிக்குமேன்னு கவலை இல்ல. தன் பேரு தெரிஞ்சிடுமேன்னுதான் கவலை.

பட்டணத்துச் சொந்தங்களே, உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். காதுல ஒரு நொடி குத்துறதைப் பாவம்னும், தோலைப் பொசுக்குறதைப் பாரம்பரியம்னும் சொல்லாதீங்க. நீங்க போடுற போட்டோவையும் லைக்கையும் பார்த்துட்டு, இங்க இன்னொருத்தன் இரும்பைக் காய்ச்சுவான். ஊருக்கு வர்றப்ப யாராவது சூடு வைக்கப் போனா 1962-க்கு ஒரு போன் போடச் சொல்லுங்க. கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

“நல்ல மாட்டுக்கு ஒரு சூடு”ன்னு பழமொழி சொல்லுவாங்க. நானும் அதை நம்பித்தான் வச்சேன். தப்பு என்னுது. நீங்க அதைச் செய்யாதீங்க, செய்யவும் விடாதீங்க.