வில்லனுக்கும் கொஞ்சம் பவர் குடுங்கப்பா!

ஹைஸ்கூல் மேஜிக் அனிமே பலதுலயும் ஒரே சிக்கல்: ஹீரோ முதல் எபிசோடுலயே ஜெயிச்சு முடிச்சிடுறான். 'தி இர்ரெகுலர் அட் மேஜிக் ஹைஸ்கூல்' (2014) தத்சுயா, 24 மணி நேரத்துக்குள்ள பட்ட காயம் எதையும் சரிபண்ணிடுவான். அப்புறம் யாருக்கு அடிபட்டா நமக்கென்ன? செமஸ்டர் முடிச்ச களைப்புல பார்க்க ஜாலிதான், ஒத்துக்கறேன். ஆனா மறுநாள் வில்லன் பேர்கூட ஞாபகம் இருக்காது.

நம்ம திருநள்ளாறு நளன் கதையை எடுத்துக்கோங்க. ஊர்ல நளனைப் பிடிச்சது சனின்னு சொல்றோம், பாரதத்துல கலி. சாமியை வில்லன்னு சொன்னா அடி விழும், அதனால கலின்னே வெச்சுக்குவோம். நளன் மேல குறையே இல்ல. கலி 12 வருஷம் காத்திருக்கான். ஒருநாள் நளன் கால் கழுவாம விட்டதும் உள்ள புகுந்துடுறான். சூதாட்டத்துல நாடு போகுது. காட்டுல தமயந்தியையும் விட்டுட்டுப் போறான். கடைசியில தேரோட்டியா வேலை பார்த்து, தனக்குத் தெரிஞ்ச குதிரை வித்தையைக் குடுத்து சூது வித்தையைக் கத்துக்கிட்டுத்தான் மீண்டு வர்றான்.

'ஜுஜுட்சு கைசன்' இதைத்தான் செஞ்சது. கோஜோவை அடிச்சு ஜெயிக்க முடியாதுன்னு கென்ஜாகுவுக்குத் தெரியும். அதனால செத்த நண்பனோட முகத்தோட எதிர்ல வந்து நிக்கிறான். கோஜோ திகைச்ச அந்த நொடியில சீல் வெச்சாச்சு!

ஹீரோவோட பவரைக் குறைக்கச் சொல்லல. அவனோட கழுவாத காலைத் தேடிக் கண்டுபிடிக்கிற அளவுக்கு வில்லனுக்குப் பொறுமையும் மூளையும் குடுங்க, போதும்.