வேப்பிலையும் வெள்ளித் துகளும்

அம்மை கண்ட வீட்டு வாசலில் காவல் நிற்பது வேப்பிலை. அதே வேப்பிலை இன்று ஆய்வுக்கூடத்தில் புற்றுநோயை எதிர்க்கப் புறப்பட்டிருக்கிறது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

இலையை நீரில் கொதிக்கவைத்து வடிகட்டி, அச்சாற்றை வெள்ளி நைட்ரேட் கரைசலில் சேர்க்கிறார்கள். கரைசல் மஞ்சளாகிப் பின் பழுப்பாகிறது. இலையிலுள்ள பொருள்கள் வெள்ளி அயனிகளுக்கு எலக்ட்ரான்களைக் கொடுத்து உலோக வெள்ளியாக்குகின்றன. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாதபடி போர்த்தியும் விடுகின்றன. இவையே நானோ துகள்கள். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்! வேப்பிலைச் சாற்றால் தங்க, வெள்ளித் துகள்கள் செய்ததைப் புனே தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தார் 2004ஆம் ஆண்டு வெளியிட்டனர். நச்சு இரசாயனங்களைத் தவிர்க்கும் இம்முறை பாராட்டுக்குரியதே.

இத்தகைய துகள்கள், தட்டில் வளர்த்த புற்றுநோய்ச் செல்களைக் கொல்வதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. உடனே, "புற்றுநோய்க்கு வேப்பிலையே மருந்து" என்று பேசத் தொடங்கிவிடுகிறோம். வெளுத்ததெல்லாம் பாலாகுமா? தட்டு வேறு, உடல் வேறு. நோயுற்ற செல்லைக் கொல்லும் துகள் நல்ல செல்லையும் கொல்லலாம். கல்லீரலில் தங்கியும் விடலாம். இலைச்சாறு மாறினால் துகளின் அளவும் மாறும். இலைச்சாற்றில் செய்த உலோகத் துகள் இன்னும் மருத்துவமனைகளில் புற்றுநோய் மருந்தாகிவிடவில்லை.

எங்கள் தோழி ஒருத்தியின் பெரியம்மாவுக்கு மார்பில் கட்டி. யாரோ சொன்னார்கள் என்று ஆறு மாதம் இலைச்சாறு குடித்தார். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, "முன்பே வந்திருக்கக் கூடாதா, அம்மா?" என்றாராம் டாக்டர். அன்று எங்கள் தோழி அழுததை நாங்கள் மறக்கவில்லை.

செடியில் மருந்தே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. நம் தோட்டத்து நித்தியகல்யாணியைப் பாருங்கள்! அதிலிருந்து வின்பிளாஸ்டினை 1958இல் கனடா நாட்டு அறிஞர்கள் பிரித்தெடுத்தனர். அதே செடியின் வின்கிறிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு இன்றும் உதவுகிறது. ஆனால் யாரும் அச்செடியை அரைத்துக் குடித்துப் பிழைக்கவில்லை. பிரித்து, அளந்து, சோதித்த பின்னரே அது மருந்தாயிற்று.

ஆகவே, அன்னையரே, கட்டியென்று தெரிந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். தோழியரே, வேப்பிலையின் மர்மத்தை ஆராய நம்மில் சிலராவது ஆய்வுக்கூடம் செல்வோம். நம்பிக்கை வேண்டும், அதை அளந்து பார்க்கும் பொறுமையும் வேண்டும்!