நாற்றமும் சொல்லும்

ஐம்புலன்களுள் மூக்கிற்கு மட்டும் நம் கல்விக்கூடங்களில் இடமில்லை. கண்ணுக்கு ஓவியமும் செவிக்கு இசையும் பாடங்களாயின. மூக்கோ விலங்கிற்குரிய கருவியென ஒதுக்கப்பட்டது. இவ்வொதுக்கம் அறிவியலுக்கும் ஒவ்வாது. தமிழ் மரபிற்கும் ஒவ்வாது.

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவுவகையான் அடுக்குங்கால், உற்றறிதலுக்கும் சுவையறிதற்கும் அடுத்து மூக்கறிவை மூன்றாவதாக வைத்தார். அவ்வறிவு தொழிற்படுமாற்றை 1991ஆம் ஆண்டில் விளக்கியவர்கள் இலிண்டா பக், இரிச்சர்டு அக்செல் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர். 2004இல் நோபல் பரிசு பெற்றனர். மூக்கின் மேற்புறத்து நரம்புக் கலங்களில் மணத்தை ஏற்கும் வாங்கிகள் உள. மனிதரிடத்து அவை ஏறத்தாழ 400 வகையின. முதலெழுத்து முப்பதும் பலவாறு கூடி எண்ணிறந்த சொற்களாதல் போல, வாங்கிகள் பலவாறு கூடி எண்ணிறந்த மணங்களை உணர்த்துகின்றன. ஏனைப் புலச்செய்திகள் தங்கிச் செல்லும் இடைமூளை நிலையத்தில் தங்காது, மணச்செய்தி நுகர்ச்சிக் குமிழினின்றும் உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை அணுகும். 1990, 1991ஆம் ஆண்டுப் போரில் தீவகத்தை விட்டகன்றோர், தூரதேசத்தில் ஒடியற் பொட்டலத்தை அவிழ்த்த மாத்திரத்தே வேலணைப் பனங்கூடலை நினைந்து கலங்குவதற்கு இவ்வணுக்கமே ஏது போலும்.

மணத்தை உணரலாமன்றிச் சொல்லால் வகுத்தல் இயலாது என்பாரும் உளர். மலாய்த் தீபகற்பக் காடுகளில் வாழும் ஜகாய் மக்கள், நிறங்களைப் போலவே மணங்களையும் எளிதிற் பெயரிட்டுரைப்பதை 2014இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. ஆதலின் குறை மூளையினதன்று, மொழிப் பயிற்சியினதே.

அச்சொற்செல்வம் தமிழுக்கும் உண்டு. விரை, வெறி, கடி, முடை, புலவு என்பன பழையன. மீனின் புலவையும் தாழையின் கமழ்ச்சியையும் நெய்தற் பாடல்கள் ஒரு துறையிலே வைத்துக் காட்டும். நம்மூர்ப் பேச்சில் மீனுக்கு வெடுக்கும் ஆட்டுக்கு மொச்சையும் இன்னும் உள. ஆயினும் நறுமணத்தையும் குறித்த ‘நாற்றம்’ இன்று தீநாற்றமொன்றனையே குறிக்கின்றது. மாணவர் கட்டுரைகளிலோ எல்லாம் ‘வாசனை’யாய் அல்லது ‘கெட்ட மணம்’ ஆய் ஒடுங்கிவிட்டன.

2020ஆம் ஆண்டு பரவிய கொறோனா நோயில் மணவுணர்வை இழந்தோர் பலர். இழந்தது இன்னதென உரைக்கவேனும் சொல் வேண்டாமா? ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் நயினாதீவிலும் கற்பிக்கும் ஆசிரியர்கள் தாழம்பூவையும் பனம்பழத்தையும் கருவாட்டையும் வகுப்பிற்குக் கொணர்க. மாணவர் கண்ணை மூடி முகர்ந்து, ஒவ்வொன்றற்கும் உரிய சொல்லைத் தேடுக. இதற்குப் பொருட்செலவு இல்லை; சொல் பிழைக்கும், அதனோடு புலனும் கூர்மையுறும்.