காவலனை மாற்றும் முறை

வீட்டுக் காவலுக்கு ஓர் ஆளை அமர்த்துவோர் அவனுடைய உடல்வலிமையை மட்டும் பார்ப்பதில்லை. நம்பிக்கைக்கு உரியவன்தானா என்று நாலிடத்தில் விசாரித்த பின்னரே சாவிக்கொத்தை அவன் கையிற் கொடுப்பர். அவனை நீக்கி வேறொருவனை அமர்த்துங் காலத்தும், பழையவனிடமிருந்து சாவியைத் திரும்பப் பெறாமற் புதியவனை உள்ளே விடமாட்டார்கள். இத்துணை விவேகமுடைய குடும்பத்தினரே, தம் வீட்டு மேசைமீதிருக்கும் கணினியின் காவலை மாற்றும்போது மட்டும், திரையிலே தோன்றும் ஏதோவொரு பொத்தானை அழுத்திவிட்டு அப்பாற் சென்றுவிடுகின்றனர். பிள்ளையின் பரீட்சைக் குறிப்புகளும், தந்தையின் கணக்குகளும், கடல்கடந்து வாழும் உறவினர் அனுப்பிய படங்களும், வங்கிக் கணக்கின் கடவுச்சொற்களும் அக்கணினிக்குள்ளேதான் இருக்கின்றன என்பதை நினைத்தால், இஃது எவ்வளவு பெரிய அசட்டை என்பது புலனாகும். ஆதலின், வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் ஒன்றை விடுத்து மற்றொன்றை ஏற்கும் முறையைப் பற்றி இவ்வாரம் சிறிது ஆராய்வோம்.

கணினி வைரஸ் என்பது நோய்க்கிருமி போன்ற உயிர்ப்பொருளன்று. தன்னைத் தானே பிரதி செய்துகொண்டு ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் வண்ணம் மனிதர் எழுதிய கட்டளைத் தொடரே அது. ஐ.பி.எம். வகைத் தனியாட் கணினிகளிடையே முதன்முதற் பரவியதாகக் கருதப்படும் 'பிரெயின்' என்னும் வைரஸ், 1986ஆம் ஆண்டிலே பாகிஸ்தானின் லாகூர் நகரிற் சகோதரர் இருவரால் எழுதப்பட்டது. அந்நாளில் நெகிழ்வட்டுகளே கைமாறின; ஆகவே தீங்கும் நடைவேகத்திலேயே பரவிற்று. இன்றோ அஃது இணையத்தின் வழியே நொடிப்பொழுதிற் கடல் தாண்டுகிறது. அதனைத் தடுக்கப் பிறந்த காவல் மென்பொருள், அறியப்பட்ட வைரஸ்களின் அடையாளங்களைப் பட்டியலாக வைத்துக்கொண்டு, திறக்கப்படும் கோப்புகளை அப்பட்டியலோடு ஒப்பிடுகிறது; பட்டியலில் இல்லாதவற்றின் நடத்தையையும் நோக்கி ஐயங் கொள்கிறது. ஆயினும், எல்லா வைரஸ்களையும் பிழையின்றிக் கண்டறியவல்ல நிரலொன்றை எவராலும் ஆக்க இயலாது என்பதை அமெரிக்க அறிஞர் பிரெட் கோஹென் 1980களிலேயே தருக்கமுறையில் நிறுவிவிட்டார். எனவே, குறையுள்ளதை விட்டுக் குறையற்றதைப் பெறுகிறோம் என்ற எண்ணத்தோடு காவலை மாற்றுவது வீண்.

பின்னர் எக்காரணம் பற்றி மாற்றலாம்? புதிய கணினியோடு வந்த சோதனைக்காலப் பிரதி காலாவதியாகியிருக்கலாம். முதலாண்டிற் சலுகை விலைக்குக் கிடைத்தது, அடுத்த ஆண்டிற் குடும்பத்தின் வருவாய்க்கு மிஞ்சிய விலை கேட்கலாம். பழைய கணினியை நத்தை வேகத்தில் நகரச் செய்யலாம். நான்காவதாக, அதனை ஆக்கியோர்மீது நாம் கொண்டிருந்த நம்பிக்கை குலைந்து போகலாம். இவை யாவும் நியாயமான காரணங்களே. உலாவியில் ஏதோவொரு பக்கத்தைத் திறந்ததும் 'உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள்' என்று அலறும் அறிவித்தலைக் கண்டு மாற்றுவது நியாயமன்று. அவ்வறிவித்தல் பெரும்பாலும் திருடன் வைத்த கண்ணியாகவே இருக்கும். உரிமச் சாவியுடன் இலவசமாகக் கிடைக்கும் களவுப் பிரதியை நாடி மாற்றுவதோ, காவலன் வேடத்திலே திருடனை அழைத்து வருவதற்கு ஒப்பாகும்.

மேற்கூறிய நான்காவது காரணம் சற்று விரித்துரைக்கத் தக்கது. காவல் மென்பொருள் ஏனைய மென்பொருள்களைப் போன்றதன்று. கணினியை இயக்கும் பணிசெயல் முறைமையின் ஆழத்திலே அது வேரூன்றி நிற்கிறது. எந்தக் கோப்பையும் படிக்கவும், எந்த நிரலையும் நிறுத்தவும் அதற்கு அதிகாரம் உண்டு. அவ்வதிகாரத்தில் ஒரு சிறு தவறு நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2024 யூலை 19ஆம் திகதி உலகம் கண்டது. நிறுவனங்களின் கணினிகளைக் காக்கும் கிரவுட்ஸ்ட்ரைக் மென்பொருளுக்கு அன்று அனுப்பப்பட்ட பிழையான புதுப்பிப்பொன்றினால், ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன என்பது மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் மதிப்பீடு. விமானங்கள் தரையிலே நின்றன. மருத்துவமனைகளின் பணிகள் தடைப்பட்டன. எதிரி எவனும் வரவில்லை. காவலனின் கால் இடறியதே காரணம்.

தவறு ஒருபுறமிருக்க, வேலியே பயிரை மேய்ந்த கதையும் உண்டு. செக் நாட்டில் தோன்றிய அவாஸ்ட் நிறுவனம், தன்னைப் பாவித்தோர் எந்தெந்த இணையப் பக்கங்களைப் பார்த்தனர் என்ற விபரங்களைத் திரட்டி, ஜம்ப்ஷொட் என்னும் துணை நிறுவனத்தின் வாயிலாக விற்றது என அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. செய்தி வெளியானதும் 2020 ஜனவரியில் அத்துணை நிறுவனம் மூடப்பட்டது. 2024 பெப்ரவரியில், அவாஸ்ட் 165 இலட்சம் டொலர் செலுத்த வேண்டுமென ஆணைக்குழு அறிவித்தது. வைரஸைத் தடுக்கும் ஆற்றல் ஒன்று. வீட்டு இரகசியத்தைப் பேணும் ஒழுக்கம் வேறொன்று. புதிய காவலனைத் தேரும்போது இரண்டையும் விசாரித்தல் வேண்டும்.

காவலை மாற்றுவது யார் என்பதும் முக்கியமான கேள்வியாகும். ரஷ்ய நிறுவனமாகிய கஸ்பர்ஸ்கியின் மென்பொருளை அமெரிக்காவில் விற்பதற்கு அந்நாட்டு வர்த்தகத் திணைக்களம் 2024 யூன் மாதத்திலே தடை விதித்தது. ரஷ்ய அரசின் செல்வாக்கினால் ஆபத்து நேரலாம் என்பது திணைக்களத்தின் வாதம். நிறுவனம் அதனை மறுத்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 29ஆம் திகதியின் பின் அங்குள்ளோர்க்குப் புதுப்பிப்புகள் வழங்கவும் இயலாதென்ற நிலையில், நிறுவனம் தன் அமெரிக்க வாடிக்கையாளரை அல்ட்ரா ஏவி என்னும் வேறொரு மென்பொருளிடம் ஒப்படைத்தது. விண்டோஸ் கணினிகளிற் பழையது தானே நீங்க, புதியது தானே வந்தமர்ந்தது. மாற்றம் வருமென மின்னஞ்சலில் அறிவித்ததாக நிறுவனம் கூறிற்று. ஆயினும், தாம் கேட்டிராத மென்பொருளொன்று ஒரு காலைப்பொழுதிலே தம் கணினியில் நிற்பதைக் கண்டு திகைத்தோர் பலர். தமக்கு வைரஸ் தொற்றிவிட்டதோ என அஞ்சினோரும் உண்டு. காவலற்ற இடைவெளி நேராதிருக்கவே இவ்வாறு செய்யப்பட்டது என்பது உண்மையாகலாம். எனினும், சாவிக்கொத்து யார் கைக்குப் போகிறதென்பதைத் தீர்மானிக்கும் உரிமை வீட்டுக்காரருக்கே உரியது. ஆகவே, காவலை மாற்றுவதாயின் நாமே அறிந்து, நாமே தேர்ந்து, முறையாக மாற்றுவோமாக.

முறை என்று கூறுவதில் முதன்மையானது, இரு காவலரை ஒரே வேளையில் நிறுத்தாமையாகும். ஒன்றுக்கு இரண்டாக இருந்தால் பாதுகாப்பும் இரட்டிப்பாகும் என்று பலர் எண்ணுவர். ஓர் உறையில் இரு வாள் இருக்கமாட்டா. ஒரு கோப்பைத் திறக்க முயன்றால் இருவரும் ஒரே கணத்தில் அதனை மறித்துச் சோதிக்கப் பாய்வர். ஒருவன் வைத்திருக்கும் வைரஸ் அடையாளப் பட்டியலை மற்றவன் வைரஸென்றே கருதவும் கூடும். முடிவிலே கணினி தளர்ந்து நிற்கும். சில வேளைகளில் எழும்பவே மறுக்கும்.

இனிச் செய்கை வரிசையைக் கூறுவோம். முதலாவதாக, இழக்க விரும்பாத எல்லாவற்றையும் வெளி வன்தட்டொன்றிலே பிரதி செய்து, அத்தட்டைக் கணினியிலிருந்து கழற்றி அலுமாரியில் வைக்க வேண்டும். இரண்டாவதாக, பழைய மென்பொருளின் கணக்கிற் புகுந்து, சந்தா தானாகப் புதுப்பிக்கப்படும் ஏற்பாட்டை நிறுத்த வேண்டும். மென்பொருளைக் கணினியிலிருந்து அகற்றிய மாத்திரத்திற் சந்தா நின்றுவிடாது. ஆண்டு திரும்பியதும் வங்கி அட்டையிலிருந்து பணம் கழிந்தபின் வருந்துவோர் உளர். மூன்றாவதாக, பழைய காவலன் சிறைப்படுத்தி வைத்த கோப்புகளுள் நமக்கு வேண்டியது ஏதேனும் தவறுதலாக அகப்பட்டுள்ளதா எனப் பார்த்தல் நன்று. ஐயமிருந்தால் அதனை விடுவியாதிருப்பதே அறிவுடைமை. நான்காவதாக, புதிய மென்பொருளை அதனை ஆக்கிய நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்திலிருந்தே தரவிறக்கி ஆயத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும்; தேடற்பொறியில் மேலே தோன்றும் விளம்பரத்தை நம்பிச் செல்லலாகாது.

இவையெல்லாம் ஆனபின், இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, விண்டோஸ் அமைப்புகளிலுள்ள செயலிகளின் பட்டியலிற் பழைய மென்பொருளைத் தெரிந்து அகற்ற வேண்டும். அதன் கோப்புறையைக் கையால் அழிப்பது அகற்றுதலாகாது. வேர்கள் உள்ளேயே தங்கிவிடும். அகற்றியதும் கணினியை மீளத் தொடக்க வேண்டும். பின்னும் எச்சங்கள் இருப்பின், பெரும்பாலான நிறுவனங்கள் தத்தம் மென்பொருளை முற்றாகத் துடைப்பதற்கெனத் தனிக் கருவியொன்றை வழங்குவதுண்டு, அதனைப் பயன்படுத்தலாம். பின்னர் இணையத்தை இணைத்துப் புதியதை நிறுவி, மீண்டும் ஒருமுறை கணினியைத் தொடக்கி, அடையாளப் பட்டியலைப் புதுப்பித்து, கணினி முழுவதையும் ஒருமுறை சோதிக்கவிட வேண்டும். அச்சோதனைக்குச் சில மணி நேரம் செல்லலாம். ஆதலின், பரீட்சைக்கு முந்திய இரவிலோ, ஒப்படையைக் கையளிக்கும் நாளிலோ இவ்வேலையைத் தொடங்காதிருப்பது மாணவர்க்கு நலம்.

பழையவன் போய்ப் புதியவன் வரும்வரை வீடு திறந்தே கிடக்குமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் மைக்ரோசொப்ட் டிபென்டர் என்னும் காவல் மென்பொருள் இயல்பாகவே அமைந்துள்ளது. வேறொரு காவலன் வந்தால் அது ஒதுங்கிக்கொள்ளும். அவன் நீங்கினால் தானே மீண்டும் விழித்துக்கொள்ளும். சாதாரண வீட்டுப் பாவனைக்கு இதுவே போதுமெனக் கருதிப் பணங்கொடுத்து வாங்குவதை விட்டவர்களும் பலர். பொருள் முடை உள்ள குடும்பங்கள் களவுப் பிரதியை நாடுவதிலும் இதனைப் பேணிக்கொள்வது பன்மடங்கு மேலானது. மாற்றம் முடிந்ததும் 'விண்டோஸ் செக்கியூரிட்டி' என்னும் பகுதியைத் திறந்து, இப்பொழுது காவலில் நிற்பவர் யாரென்பதைக் கண்ணாற் கண்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

புதிய காவலன் விழித்திருக்கிறானா என்று சோதிக்க விரும்பும் மாணவர்க்கு ஒரு வழியுண்டு. ஐரோப்பாவில் தோன்றிய ஐக்கார் என்னும் அமைப்பு, 68 எழுத்துக்குறிகளாலான ஒரு சோதனைக் கோப்பை வகுத்து வைத்துள்ளது. அஃது எவ்விதத் தீங்கும் செய்யாது. ஆயினும் காவல் மென்பொருள்கள் அதனை வைரஸாகவே பாவித்துக் கூக்குரலிட வேண்டுமென்பது பொது உடன்பாடு. அவ்வமைப்பின் தளத்திலிருந்து அதனை இறக்க முயன்றதும் மென்பொருள் தடுத்தால், காவல் நடைபெறுகிறது என்று அறியலாம்.

இறுதியாக ஒன்று. காவலனை நம்பிக் கதவைத் திறந்து போடலாகாது. 2017 மே 12ஆம் திகதி 'வனாகிரை' என்னும் தீநிரல் நூற்றைம்பது நாடுகளுக்கு மேற் பரவி, கோப்புகளைப் பூட்டிவைத்து மீட்புப் பணங் கேட்டது. பிரித்தானிய அரச மருத்துவமனைகள் பல நோயாளரைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசொப்ட் அதற்கு இரு மாதங்களுக்கு முன்னரே, மார்ச் மாதத்தில், வெளியிட்டிருந்தது. அதனை ஏற்றுக்கொண்ட கணினிகளில் அவ்வோட்டை அடைபட்டிருந்தது. நாளை பார்ப்போமென்று தள்ளி வைத்தவை அகப்பட்டன. அகப்பட்டவருள்ளும், வெளித்தட்டிற் பிரதி வைத்திருந்தோர் தம் கோப்புகளை மீட்டுக்கொள்ள வழியிருந்தது.

ஆகவே, குடும்பத்தினர் ஒன்றுகூடி இருக்கும் ஒரு விடுமுறை நாளில் இக்காரியத்தைச் செய்வது சாலச் சிறந்தது. வீட்டிலே கணினி தெரிந்த பிள்ளை ஒருவர் செய்ய, மற்றவர் அருகிருந்து பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும். அப்பிள்ளை மேற்படிப்புக்காக வெளியூர் சென்றபின் வீடு திகைத்து நிற்கலாகாது அன்றோ? சந்தா முடியும் திகதியை நாட்காட்டியிற் குறித்துவிடுங்கள். கடவுச்சொல்லை எழுதிய தாளைப் பூட்டிய பெட்டகத்திலே வையுங்கள். மாதமொருமுறை வெளி வன்தட்டை எடுத்துப் புதிய பிரதி செய்து, மீண்டும் கழற்றி வைக்கும் பொறுப்பை ஒருவர் ஏற்றுக்கொள்ளுங்கள். எந்த நிறுவனத்தின் மென்பொருளை வாங்கினாலும், இந்தச் சிறு ஒழுங்குகளை எந்த நிறுவனமும் நமக்காகச் செய்து தரமாட்டாது.