மண்டபக் கதவு கிழமை நாளிலும் திறக்கட்டும்

இலையுதிர் காலம் வந்தால் ரொறன்ரோவில் வேலை செய்யும் அநேகரின் கைக்கு ஒரு படிவம் வரும். ஒவ்வொரு சம்பளத்திலும் ஐந்து டொலரோ பத்து டொலரோ யுனைற்றட் வேக்குக் கழிக்கலாமா என்று அது கேட்கும். வங்கியில் இருப்பவர்களுக்கும் வரும், நகரசபையில் இருப்பவர்களுக்கும் வரும், வைத்தியசாலையில் தாதிகளாக இருக்கும் எங்களுக்கும் வரும். பலரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். அந்தப் பத்து டொலர் எங்கே போகிறது என்று கேட்டால், "ஏழைகளுக்கு" என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

வாலிபர் இதழில் இப்போது இதை எழுதக் காரணம் நம்முடைய மண்டபம். அதைத் திருத்துவது பற்றிச் சபைக்குள் பேச்சு நடக்கிறது. புதிய தரை, புதிய ஒலிபெருக்கி, சமையலறைக்குப் புதிய அலுமாரிகள் என்று பட்டியல் நீளுகிறது. திருத்திய மண்டபம் எந்த நாளில், யாருக்காகத் திறந்திருக்கும் என்ற கேள்வி மட்டும் பட்டியலில் இல்லை. சபையில் தாதிகளாக வேலை செய்யும் எங்களுக்கு இதில் ஒரு கருத்து உண்டு. அதைச் சொல்ல யுனைற்றட் வேயின் திட்டத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

2004 இல் அந்த நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. 1981 முதல் 2001 வரையான குடிசன மதிப்பீடுகளை எடுத்து, நகரத்தில் வறுமை எங்கே கூடியிருக்கிறது என்று வரைபடம் போட்டுக் காட்டியது. வறுமை மிகுந்த அயல்கள் 1981 இல் 30 ஆக இருந்தன. 2001 இல் 120. கூடியதில் பெரும்பகுதி நகர மையத்தில் அல்ல, ஸ்காபரோ, நோர்த் யோர்க், எற்றோபிகோ போன்ற பழைய புறநகர்களில். இவை கார் வைத்திருக்கும் குடும்பங்களை மனதில் வைத்துக் கட்டிய இடங்கள். அகன்ற வீதி, தூரத் தூரக் கடை, நடுநடுவே உயர்ந்த தொடர்மாடிகள். பிறகு அந்தத் தொடர்மாடிகளுக்குக் குடிவந்தவர்களில் பலர் கார் இல்லாத புதிய குடியேறிகள். உங்கள் பெற்றோர் கனடாவில் வாங்கிய முதல் வீட்டுச் சாவி எந்தக் கட்டிடத்தினுடையது, அதில் எத்தனை குடும்பம் சேர்ந்து இருந்தார்கள் என்று இன்றிரவு கேட்டுப் பாருங்கள். அறிக்கையில் உள்ள வரைபடம் உடனே விளங்கும்.

உதவி செய்யும் அலுவலகங்கள் பலவும் நகர மையத்திலேயே இருந்தன. அவை தேவைப்பட்டவர்களோ இங்கே இருந்தார்கள். 2005 இல் நகரசபையும் யுனைற்றட் வேயும் சேர்ந்து செய்த வேலையின் முடிவில் 13 அயல்கள் முன்னுரிமை இடங்களாகப் பெயரிடப்பட்டன. மால்வேர்ன், டோர்செற் பார்க், ஸ்காபரோ வில்லேஜ், கிங்ஸ்ரன்-கலவே, எக்ளின்ரன் ஈஸ்ற்-கென்னடி பார்க், ஸ்ரீல்ஸ்-லமொரோ ஆகிய ஆறும் ஸ்காபரோவில் உள்ளவை. அதன் பின்தான் 'ஹப்' என்று சொல்லப்படும் சமூக நிலையங்கள் வந்தன. எக்ளின்ரன் வீதியில் ஒன்று, கென்னடி வீதியில் ஒன்று என்று நாம் பஸ்ஸில் கடந்து போகும் கட்டிடங்களே அவை. குடியேற்ற உதவி, வேலை தேடும் உதவி, சுகாதார சேவை, கூட்டம் கூட ஓர் அறை, சமைக்க ஒரு சமையலறை என்று பல நிறுவனங்கள் ஒரே கூரையின் கீழ் இருப்பதே திட்டம். ஒரு அலுவலகத்தில் இருந்து இன்னொரு அலுவலகத்துக்குக் கடுதாசியைக் காவிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டியதில்லை. அடுத்த கதவைத் தட்டினால் போதும்.

இது சின்ன விஷயம்போலத் தெரியலாம். வைத்தியசாலையில் இருந்து பார்க்கும் எங்களுக்கு அப்படித் தெரியவில்லை.

எழுபது வயதுள்ள ஓர் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். இவர் ஒருவரல்ல, எங்களில் ஒவ்வொருவரும் பல தடவை சந்தித்தவர். சீனி வருத்தம் கூடி, மயங்கிய நிலையில் வருகிறார். நான்கு நாளில் தேறுகிறார். புதிதாக இன்சுலின் எழுதிக் கொடுத்து, எப்படிப் போடுவது என்று காட்டி, ஆறு பக்க ஆங்கிலத் தாளையும் கையில் கொடுத்து அனுப்புகிறோம். வீடு பதினான்காம் மாடி. மகளுக்கு இரவு வேலை, மருமகனுக்குப் பகல் வேலை. தாள் பிஸ்கற் ரின்னுக்குள் போகிறது. ஒருநாள் ஊசியைப் போட்டுவிட்டு, பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவரும் அவசரத்தில் சாப்பிடாமல் போகிறார். வழியில் கைகால் நடுங்கி, வியர்த்து, நிற்க முடியாமல் போகிறது. அந்தப் பயத்தில் அடுத்த நாளிலிருந்து ஊசியையே விட்டுவிடுகிறார். மூன்று கிழமை கழித்துத் திரும்பவும் அவசர சிகிச்சைப் பிரிவு.

மருந்தில் பிழை இல்லை. வைத்தியரிலும் பிழை சொல்ல முடியாது. அந்த மூன்று கிழமையில் யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்து, தமிழில், "ஊசி போட்டால் இத்தனை நேரத்துக்குள் சாப்பிட வேண்டும், நடுக்கம் வந்தால் உடனே கொஞ்சம் ஜூஸ் குடியுங்கோ, பயந்து மருந்தை நிறுத்தாதேங்கோ" என்று சொல்லியிருந்தால் போதுமாயிருந்தது. அதற்கு அவர் நடந்து போகக்கூடிய தூரத்தில் ஓர் இடம் வேண்டும். ஸ்காபரோவில் தூரம் என்பது விளையாட்டல்ல. 2023 ஜூலையில் ஆர்.ரி. ரயில் தடம் புரண்டதோடு அந்தப் பாதையே மூடப்பட்டு பஸ் ஓடுகிறது. பனியில், முழங்கால் வலியோடு பஸ் தரிப்பில் நிற்க வேண்டும் என்றால் எந்த அம்மாவும் "பிறகு பார்ப்பம்" என்றுதான் சொல்வார்.

காசு விஷயமும் இருக்கிறது. ஸ்பொன்சர் செய்து கூப்பிட்ட பெற்றோருக்குப் பிள்ளை 20 வருடத்துக்குப் பொறுப்பு. முதியோர் பென்ஷன் எடுக்கப் பொதுவாக 10 வருடமாவது கனடாவில் வாழ்ந்திருக்க வேண்டும். சூப்பர் விசாவில் வந்தவர்களுக்கு ஒன்ராறியோ ஹெல்த் காட் கிடையாது, தனியார் காப்புறுதிதான். ஆகவே பல வீடுகளில் அம்மாவோ அப்பாவோ வருத்தம் என்று சொல்வதையே பிள்ளைக்குச் செலவு வைப்பதாக நினைக்கிறார்கள். ஹெல்த் காட் இல்லாதவர்களையும் இடம் இருந்தால் பார்க்கும் சமூக சுகாதார நிலையங்கள் இங்கே உண்டு என்பது இவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

திட்டம் நல்லது என்கிறோம். குறையில்லாதது என்று சொல்லவில்லை. அயல்களைப் பட்டியலிட்டு உதவி செய்யும்போது கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கு உண்டு, அந்தப் பக்கம் இருப்பவருக்கு இல்லை என்றாகிவிடும். 2014 இல் நகரசபை பழைய 13 ஐ மாற்றி 31 அயல்களைப் பெயரிட்டபோது மால்வேர்ன் அதில் இல்லை. தனி வீடுகளையும் தொடர்மாடிகளையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுத்தால் தொடர்மாடியில் இருப்பவர் கணக்கில் மறைந்துபோவார். அடுத்தது மொழி. 211 என்ற இலக்கத்தை அழைத்தால் இரவு பகல் எந்த நேரத்திலும், நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் உரைபெயர்ப்பாளரின் துணையோடு, எந்த உதவி எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். கனடாவில் இந்தச் சேவை முதலில் தொடங்கியது ரொறன்ரோவில்தான், 2002 இல். தமிழிலும் கேட்கலாம். ஆனால் தமிழில் கேட்க முன், ஆங்கிலத்தில் "தமிழ்" என்றாவது சொல்லத் துணிய வேண்டுமே! தொலைபேசியில் ஆங்கிலக் குரல் கேட்டதும் வைத்துவிடும் எங்கள் அம்மம்மாக்களுக்கு, முதல் தடவை பக்கத்தில் ஒருவர் இருந்து அழைத்துக் காட்ட வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் வேர் உள்ள குடும்பங்களுக்கு இது புதிதல்ல. 1847 இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். ஆங்கில வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். தொலைவில் இருந்த சபைகளின் காணிக்கையால் நம் முன்னோருக்கு அவர்களுடைய ஊரில், அவர்களுடைய மொழியில் வைத்தியம் கிடைத்தது.

இனி மண்டபத்துக்கு வருவோம். அது ஞாயிறு திறக்கிறது, வெள்ளி மாலை பாடகர் பயிற்சிக்குத் திறக்கிறது. மற்ற நாட்களில் சூடேற்றிக்கு மட்டும் காசு கட்டுகிறோம். பத்து நிமிட நடை தூரத்தில் நான்கு உயர்ந்த தொடர்மாடிகள் நிற்கின்றன. எங்கள் யோசனை இதுதான்: புதன்கிழமைகளில், மாலை 3.30 முதல் 6.30 வரை கதவைத் திறந்து வைப்போம்.

நேரத்தை யோசித்தே சொல்கிறோம். காலை பத்து மணிக்கு வைத்தால் முதியவர்கள் வருவார்கள், வாலிபர் வர முடியாது. மூன்றே கால் மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நிற்பவர்கள் பெரும்பாலும் தாத்தாக்களும் பாட்டிகளும்தான். பிள்ளைகளோடு அப்படியே மண்டபத்துக்கு வரலாம். சின்னவர்கள் ஒரு பக்கம் வீட்டுப்பாடம் செய்யட்டும், பெரியவர்களுக்கு ஒரு தேநீர். எங்களில் இருவர் முறை வைத்து வந்து பிரஷர் பார்ப்போம், சீனி மீற்றரைப் பாவிக்கக் காட்டித் தருவோம், பிஸ்கற் ரின்னில் இருக்கும் தாள்களைப் படித்துத் தமிழில் விளக்குவோம். நாங்கள் வைத்தியம் செய்ய மாட்டோம். வைத்தியரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்போம். பக்கத்து ஹப்பில் இருந்து மாதம் ஒருமுறை ஓர் ஊழியரை அனுப்ப முடியுமா என்றும் கேட்கலாம். அவர்கள் தேடுவது மக்கள் ஏற்கெனவே கூடும் இடத்தைத்தான். அது நம்மிடம் இருக்கிறது.

வாலிபர்களே, ஒன்ராறியோவில் உயர்தரப் பள்ளியை முடிக்க 40 மணி நேரம் சமூகத் தொண்டு செய்திருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த மணிகளைக் கதிரை அடுக்கியும் ரின் உணவு எண்ணியும் முடிப்பவர்கள் உண்டு. கதிரையும் அடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு தாத்தாவோடு இருந்து வரிப் படிவம் நிரப்புவதும், ஒரு பாட்டிக்கு 211 ஐ அழைத்துக் காட்டுவதும் அதே மணிக் கணக்கில் சேரும். "எனக்குத் தமிழ் வடிவாக வராது" என்று சொல்லாதீர்கள். அங்கே இருப்பவர்களுக்கு ஆங்கிலம் அதைவிடக் குறைவு.

இதில் ஒரு எல்லையை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம். படிவம், தொலைபேசி, பஸ் நேரம் எல்லாவற்றுக்கும் பிள்ளைகள் உதவலாம். நோயை மொழிபெயர்க்கக் கூடாது. புற்றுநோய் என்ற சொல்லைத் தன் அம்மம்மாவுக்குச் சொல்ல வேண்டிய நிலையில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை நிறுத்துவதை நாங்கள் வார்டில் கண்டிருக்கிறோம். பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாது. பயத்தில் பாதியை விழுங்கிவிடுவதும் நடக்கிறது. வைத்தியசாலையில் "தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும்" என்று கேளுங்கள். தொலைபேசியிலாவது ஒழுங்கு செய்யலாம். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

மறுப்புகள் வரும். காப்புறுதி என்ன ஆகும், சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விகள். காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும், முதியவர்களோடு வேலை செய்யும் பெரியவர்கள் பொலிஸ் சான்றிதழ் எடுக்க வேண்டும், சாவி இருவரிடம் இருக்க வேண்டும். இதெல்லாம் செய்து முடிக்கக்கூடிய வேலைகள். "ஊருக்குத்தானே அனுப்புகிறோம், இங்கே அரசாங்கம் பார்க்கும்" என்பது இன்னொரு பேச்சு. ஊருக்கு அனுப்புவதை ஒரு சதமும் குறைக்கச் சொல்லவில்லை. நாம் கேட்பது காசல்ல, புதன்கிழமையில் மூன்று மணி நேரம். தமிழருக்கு மட்டுமா என்று கேட்பவர்களுக்கு: அந்த நான்கு கட்டிடங்களிலும் பிலிப்பைன்ஸ் பாட்டிகளும் ஆப்கான் தாத்தாக்களும் இருக்கிறார்கள். வாசலில் மொழி பார்த்து உள்ளே விடப் போவதில்லை. பிரஷர் பார்க்கும் கருவிக்கு எல்லாக் கையும் ஒன்றுதான்.

திருத்த வேலைப் பட்டியலிலும் ஒரு மாற்றம் கேட்கிறோம். பக்க வாசலில் மூன்று படி இருக்கிறது. வோக்கரோடு வருபவர் அங்கேயே நின்றுவிடுவார். கழிப்பறையில் பிடித்து எழும்பக் கம்பி இல்லை. எங்களைக் கேட்டால் முதலில் சாய்தளமும் கம்பியும், ஒலிபெருக்கி பிறகு. பாடகர் குழுவில் உள்ள நண்பர்கள் கோபிப்பார்கள் என்று தெரியும். எங்களில் இருவரும் அந்தக் குழுவில்தான் பாடுகிறோம்.

இந்த மாதக் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மண்டபம் பற்றிய சபைக் கூட்டம் நடக்கிறது. பெற்றோர் வீட்டுக்குக் கிளம்பாமல் இருந்து, வரவு செலவுத் தாளில் சாய்தளம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கை உயர்த்திக் கேளுங்கள். புதன்கிழமைக்குப் பெயர் கொடுக்க விரும்பும் வாலிபர் கூட்டத்துக்கு முன்னரே எங்களிடம் வரலாம். தேநீர் மேசையின் இடப்பக்கத்தில் தாளும் பேனையுமாக நிற்போம்.