கல்லா கட்டுவோம்! - ஏட்டுல லாபம்... பாக்கெட்டுல பஞ்சம்!

'ஆர்டர் வருது பாஸ். லாபமும் வருதுன்னுதான் நினைக்கிறேன். ஆனா பர்ஸைத் திறந்தா காத்துதான் வருது. எங்கே கோட்டை விடறேன்?'

நம்ம பகுதிக்கு வர்ற கேள்விகளைக் கொட்டிக் குலுக்கி எடுத்தா, பாதிக்கு மேல இந்த ரகம்தான். கேட்கிறவங்க ஹாஸ்டல்ல இருந்துக்கிட்டே டி-ஷர்ட் விற்கிறவங்களா இருக்கலாம், பிறந்த நாளுக்கு கேக் செய்து தர்றவங்களா இருக்கலாம், டெரகோட்டா கம்மல், சில்க் த்ரெட் வளையல் பார்ட்டிகளா இருக்கலாம். பிரச்னை ஒண்ணுதான். லாபம் வேற, கையில இருக்கிற காசு வேற. ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி தெரியும். ஆனா ஒரே நாள்ல வீட்டுக்கு வராதுங்க!

சும்மா சொன்னா புரியாது. டி-ஷர்ட்டையே எடுத்து கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிபார்ட்மென்ட் சிம்போசியம் வருது. 200 டி-ஷர்ட் நீங்க எடுத்துத் தர்றதா பேச்சு. நேரா திருப்பூர், காதர்பேட்டை. நல்ல ரவுண்டு நெக், பீஸ் 160 ரூபாய்க்குப் படியுதுன்னு வெச்சுக்கங்க. (வரியோடவா, வரி இல்லாமலான்னு முதல்லயே கேட்டுடணும். 'பிளஸ் ஜி.எஸ்.டி.'ன்னு கடைசியில சொன்னா, 5 சதவீதத்துல பீஸுக்கு 8 ரூபாய் ஏறிடும். 200 பீஸுக்கு 1,600 ரூபாய் அம்பேல்!) பிரின்ட் 30 ரூபாய், கவர், லாரி சார்ஜ் 10 ரூபாய். ஆக அடக்கம் 200 ரூபாய். விற்கிறது 280. ஒரு பீஸுக்கு 80 ரூபாய் லாபம், 200 பீஸுக்கு 16,000. ராத்திரி தூக்கம் வருமா? வராது. மனசு அதுக்குள்ள பைக்குக்கு முன்பணம் கட்டிட்டு வந்திருக்கும்.

இப்ப நிஜத்துக்கு வாங்க. ஸ்க்ரீன் பிரின்ட்டிங்ல ஒவ்வொரு கலருக்கும் தனி ஸ்க்ரீன் போடணும். அதுக்கு ஒரு 1,500. ரெண்டு தடவை திருப்பூர் பஸ் சார்ஜ், சாம்பிள் பீஸ், டீ, பரோட்டான்னு இன்னொரு 1,500. சட்டைக்கு 40,000 சேர்த்து மொத்தம் 43,000 ரூபாய் கையைவிட்டுப் போயாச்சு.

சரக்கு வந்து இறங்குது. ஹெச்.ஓ.டி.க்கு ஒண்ணு, கோ-ஆர்டினேட்டர்களுக்கு ஒண்ணு, 'மச்சி, எனக்குமாடா காசு?'ன்னு உரிமையோட வர்றவனுக்கு ஒண்ணுன்னு பத்து சட்டை ஓசியில போயிடும். சைஸை குத்துமதிப்பா சொன்னதால ஸ்மால்ல கொஞ்சம், டபுள் எக்ஸ்எல்ல கொஞ்சம்னு 15 சட்டை தங்கிடும். அதுல சிம்போசியம் பேரும் வருஷமும் அச்சடிச்சாச்சு. அடுத்த வாரம் அதை யார் வாங்குவாங்க? ஹாஸ்டல் ரூமைத் துடைக்க உதவும், அவ்வளவுதான்.

மிச்சம் 175 சட்டை. 280 வீதம் 49,000 ரூபாய். 43,000 போக 6,000 லாபம். '16,000 எதிர்பார்த்தோம், 6,000-தான் வந்தது, பரவாயில்லை'ன்னு தேத்திக்கலாம். ஆனா கதை இன்னும் முடியலையே! 175 பேர்ல 50 பேர் 'ஸ்காலர்ஷிப் வந்ததும் தர்றேன்', 'வீட்டுலேர்ந்து பணம் போட்டதும் அனுப்பறேன்' ரகம். அதாவது 14,000 ரூபாய் வெளியில நிக்குது. கைக்கு வந்தது 35,000. கையைவிட்டுப் போனது 43,000. நோட்டுல எழுதிப் பார்த்தா 6,000 லாபம், பர்ஸ்ல 8,000 பள்ளம்!

அந்த 43,000-ல செமஸ்டர் ஃபீஸுக்குன்னு அப்பா அனுப்பின பணமும் கலந்திருந்தா? 'பத்து நாள்ல திருப்பி வெச்சுடலாம்'னு நினைச்சு எடுத்த பணம் அது. ஃபீஸ் கட்ட கடைசி தேதி உங்க சிநேகிதர்களோட ஸ்காலர்ஷிப்புக்காகக் காத்திருக்காது. ஹால் டிக்கெட்டே கேள்விக்குறி ஆகிடும். பிசினஸ் தோத்ததால வந்த ஆபத்து இல்லை இது. லாபத்துல ஓடுற பிசினஸ்ல வந்த ஆபத்து. அதுதான் இதுல இருக்கிற கொடுமை.

கடனைப் பத்தி இன்னொரு கணக்கு. ஒருத்தர் பணமே தராம டிமிக்கி கொடுத்துட்டா உங்களுக்குப் போனது 80 ரூபாய் லாபம் மட்டுமில்லை, அடக்க விலை 200 ரூபாயும் சேர்த்துத்தான். அந்த 200-ஐ மீட்க இன்னும் ரெண்டரை சட்டை விற்றாகணும். பெட்டிக்கடையில 'கடன் அன்பை முறிக்கும்'னு போர்டு மாட்டி வெச்சிருக்காரே அண்ணாச்சி, அது அன்பு முறிஞ்சிடக் கூடாதேங்கிற அக்கறையில இல்லை. இந்தக் கணக்கு அவருக்கு மனப்பாடம்.

தள்ளுபடியும் அப்படித்தான். 'பத்து பர்சன்ட் குறைச்சுக்கோடா'ன்னு கேட்டா, பத்துதானேன்னு தலையாட்டிடுவோம். 280-ல பத்து சதவீதம் 28 ரூபாய். அது விலையிலதான் பத்து, உங்க லாபத்துல 35 சதவீதம். 80 ரூபாய் லாபம் 52 ஆயிடுது. பழைய லாபத்தையே பார்க்கணும்னா நூறு சட்டை விற்ற இடத்துல 154 விற்கணும்.

சரி, என்ன பண்றது? அதே சட்டை, அதே விலை, அதே ஆளுங்க. வேலை பார்க்கிற வரிசையை மட்டும் மாத்திப் பாருங்க. திருப்பூருக்கு பஸ் ஏறுறதுக்கு முன்னாடியே பேர், சைஸ் எழுதி ஆளுக்கு 200 ரூபாய் அட்வான்ஸ் வாங்கிடணும். பணம் கொடுத்தாத்தான் பேரு லிஸ்ட்ல ஏறும், நோ எக்ஸ்க்யூஸ்! 175 பேர்கிட்ட 35,000 வந்தாச்சு. இனாம் அஞ்சே அஞ்சு பேருக்குன்னு கறாரா சொல்லி, 180 சட்டை மட்டும் ஆர்டர். அதுக்கு 36,000, ஸ்க்ரீன், பஸ் செலவு 3,000. மொத்தம் 39,000. உங்க கையிலேர்ந்து போடறது வெறும் 4,000! சட்டையைக் கொடுக்கும்போது பாக்கி 80 வீதம் 14,000 வசூல். லாபம் 10,000. தேங்கின சரக்கு பூஜ்யம், வெளியில கடன் பூஜ்யம், செமஸ்டர் ஃபீஸ் பத்திரம்.

'அட்வான்ஸ் கேட்டா நம்மளை கஞ்சன்னு சொல்லுவாங்களே?' சொல்லட்டுமே. சினிமா டிக்கெட்டுக்கும் டூருக்கும் முன்னாடியே காசு கட்டறவங்கதானே அவங்க.

இன்னொரு ஓட்டை, எல்லார்கிட்டயும் இருக்கிறது. வியாபாரப் பணமும் பாக்கெட் மணியும் ஒரே அக்கவுன்ட்ல கிடக்கும். கஸ்டமர் ஜி-பே பண்ண பணத்துலதான் ராத்திரி ஃப்ரைடு ரைஸும் ரீசார்ஜும் ஓடும். மாசக் கடைசியில ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தா யார் யாருக்கு எவ்வளவு போச்சுன்னு தெரியும். எதுக்காகப் போச்சுன்னு அதுல இருக்காது. அதனால வியாபாரத்துக்குன்னு தனியா ஒரு சேவிங்ஸ் அக்கவுன்ட் போதும், பெரிசா ஒண்ணும் வேண்டாம். உங்க சம்பளம்னு ஒரு தொகையை முடிவு பண்ணி, அதை மட்டும் மாசம் ஒரு தடவை உங்க சொந்த அக்கவுன்ட்டுக்கு மாத்திக்கங்க. மளிகைக் கடைக்காரர்கள்ல பலர், வீட்டுக்கு ஒரு சோப்பு எடுத்துட்டுப் போனாக்கூட நோட்டுல பற்று எழுதிட்டுத்தான் எடுப்பாங்க. சொந்தக் கடைதானேன்னு கேட்டா சிரிப்பாங்க.

அந்தச் சம்பளம் சும்மா பேருக்கு இல்லை. பத்து நாள் அலைஞ்சு 10,000 சம்பாதிச்சீங்க. அதே பத்து நாள் ட்யூஷன் எடுத்திருந்தாலோ, பார்ட் டைம் வேலைக்குப் போயிருந்தாலோ ஒரு 4,000 கிடைச்சிருக்கும்னா, பிசினஸ் நிஜமா சம்பாதிச்சுக் கொடுத்தது 6,000-தான். இது கழிக்கப்படாத கணக்கு என்னைப் பொறுத்தவரை கணக்கே இல்லை.

'நோட்டு எழுதறதெல்லாம் அந்தக் கால செட்டியார் வேலை பாஸ்'ங்கிறவங்களுக்காக ஒரு கடலூர் கதை. சி.கே.ரங்கநாதன், குடும்ப பிசினஸ்லேர்ந்து பிரிஞ்சு வெளியே வந்து 1983-ல 15,000 ரூபாய் முதல் போட்டு தனியா ஷாம்பு தொழில் ஆரம்பிச்சார். ஷாம்புவை சின்ன பாக்கெட்ல அடைச்சு விற்கிற ஐடியாவுக்கு முன்னோடி அவங்க அப்பா சின்னி கிருஷ்ணன். அவர் நினைவாத்தான் 'சிக்' ஷாம்புன்னு பேரு. அந்தக் கம்பெனிதான் 1998-லேர்ந்து கெவின்கேர். ஊருக்கே தெரிஞ்ச கதை இது. தெரியாத பாதி ஒண்ணு இருக்கு. ஆரம்பத்துல பாங்க் கடன் கேட்டுப் போனப்ப, அடமானம் வைக்க அவர்கிட்ட சொத்து இல்லை. ஆனா முறையா வருமான வரிக் கணக்கு தாக்கல் பண்ணியிருந்தார். அதைப் பார்த்துத்தான் பாங்க் மேனேஜர் நம்பிக்கையோட கடன் கொடுத்தாருன்னு அவரே பேட்டியில சொல்லியிருக்கார்.

பாக்கெட் ஷாம்புவையே இன்னொரு கோணத்துல பாருங்க. பாட்டிலா விற்றா கடைக்காரர் பணம் அதுல முடங்கிக் கிடக்கும். ஒரு பாட்டில் விற்க எத்தனை நாள் ஆகுமோ! பாக்கெட்னா காலையில சரம் தொங்கவிட்டா சாயங்காலத்துக்குள்ள கிழிச்சுக் கிழிச்சுக் கொடுத்திருப்பார், எல்லாம் ரொக்கம். அதே நூறு ரூபாய் மாசத்துக்கு ஒரு தடவை சுத்துறதுக்கும் நாலு தடவை சுத்துறதுக்கும் எவ்வளவு வித்தியாசம்? கேக், வளையல் பார்ட்டிகள் இதைக் கொஞ்சம் யோசிக்கணும். எந்த அயிட்டத்துல லாபம் அதிகம்னு மட்டும் பார்க்காம, எது சீக்கிரம் காசாகித் திரும்புதுன்னும் பாருங்க.

இப்போ கடன் வாங்கறது. வீட்டுல கேட்க பயந்துக்கிட்டு தண்டல்காரர்கிட்ட போறவங்க இருக்காங்க. '10,000 கடன், 1,500 பிடிச்சுக்கிட்டு 8,500 கையில தருவேன், தினம் 100 ரூபாய், நூறு நாள்ல அடைச்சுடு'. கேட்க எவ்வளவு சிம்பிள்! 15 சதவீத வட்டி மாதிரிதானே தெரியுது? இல்லை. முதல் நாள்லேர்ந்தே அசலைத் திருப்பிக் கொடுத்துட்டு வர்றீங்க. அம்பதாவது நாள் 5,000 கட்டி முடிச்சாச்சு, ஆனா வட்டி மட்டும் முழுத் தொகைக்குப் பிடிச்சாச்சு. உட்கார்ந்து கணக்குப் போட்டா வருஷத்துக்கு 120 சதவீதத்தைத் தொடுது. 'மூணு வட்டி'ங்கிறதும் வருஷத்துக்கு 36 சதவீதம். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் கொடுமைகளுக்காகவே தமிழ்நாட்டுல 2003-ல தனிச் சட்டம் போட்டாங்கன்னா பார்த்துக்கங்க. எந்த டி-ஷர்ட்டும், எந்த கேக்கும் இந்த வட்டியை சம்பாதிச்சுக் கொடுக்காது. ஒரு கிளிக்ல பணம் தர்ற லோன் ஆப்களையும் இதே சந்தேகத்தோட பாருங்க. முன்னாடியே எவ்வளவு பிடிக்கிறாங்க, எத்தனை நாள் தவணைன்னு ரெண்டையும் கேட்டாலே சாயம் வெளுத்துடும். நிஜமாவே கடன் தேவைன்னா பாங்க்ல முத்ரா திட்டம் இருக்கு. 2015-ல வந்தது. அதுல 'சிசு' பிரிவுல 50,000 ரூபாய் வரைக்கும், சொத்து அடமானம் இல்லாம. மேனேஜர் கேட்கப் போற முதல் கேள்வி, 'கணக்கு நோட்டு இருக்கா தம்பி?'

கூட்டு சேர்றவங்களுக்கு ஒரு விஷயம். 'நமக்குள்ள என்னடா எழுத்து?'ன்னு மூணு பேர் தோள்ல கை போட்டு ஆரம்பிப்பாங்க. 1932-ம் வருஷக் கூட்டாண்மைச் சட்டம் என்ன சொல்லுது தெரியுமா? வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாட்டி, யார் எவ்வளவு முதல் போட்டிருந்தாலும் லாபமும் நஷ்டமும் சரிசமம். நீங்க 20,000 போட்டு, இன்னொருத்தர் 5,000 போட்டாலும் பாதிக்குப் பாதிதான். ராப்பகலா உழைச்சவருக்குத் தனி சம்பளம் கேட்கவும் உரிமை இல்லை. கூட்டாளி தொழிலுக்குன்னு வாங்கின கடனுக்கு நீங்களும் பொறுப்பு. ஒரு பக்கம் எழுதி, மூணு பேரும் கையெழுத்துப் போட அரை மணி நேரம் ஆகுமா? நட்பு உடையறது பெரும்பாலும் நஷ்டத்துல இல்லை. லாபம் வர்ற மாசத்துலதான்.

லைசென்ஸ், வரின்னு நிறைய பேர் பயப்படறாங்க. அவ்வளவு பயம் தேவையில்லை. நம்ம ஊர்ல சரக்கு விற்கிறவங்களுக்கு வருஷ விற்பனை 40 லட்சத்தையும், சேவைத் தொழிலுக்கு 20 லட்சத்தையும் தாண்டற வரைக்கும் பொதுவா ஜி.எஸ்.டி. பதிவு வேண்டாம். ஆனா வெளிமாநிலத்துக்கு சரக்கு விற்க ஆரம்பிச்சா இந்த வரம்பு கைகொடுக்காது, ஆடிட்டரைப் பார்த்துடுங்க. சாப்பாட்டு அயிட்டம்னா, வீட்டு கிச்சன்ல செஞ்சாலும் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு கட்டாயம். சிறுதொழில் பதிவுக்கு 'உத்யம்' இருக்கு. ஆன்லைன்ல, இலவசம். அதுக்கு யாராவது ஃபீஸ் கேட்டா அது அவங்க பாக்கெட்டுக்கு! தயாரிப்போ சேவையோ செய்றவங்க இதைப் போட்டு வெச்சுக்கிட்டா இன்னொரு சௌகரியம். சரக்கை வாங்கின கம்பெனி, பேசின தவணை எதுவானாலும் 45 நாளுக்குள்ள பணம் தந்தாகணும்னு 2006-ம் வருஷச் சட்டம் சொல்லுது. வெறுமனே வாங்கி விற்கிறவங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

அடுத்த வாரம் விலை வைக்கிற சமாச்சாரம். 99 ரூபாய்னு போடறதா, 100-ன்னு போடறதா? அதுக்குள்ள உங்க கடைசி ஆர்டரை எடுத்து வரவு, செலவு, வெளியில நிக்கிற பாக்கின்னு மூணு கட்டம் போட்டு எழுதி அனுப்புங்க. பேரை மறைச்சுட்டு ரெண்டு மூணு கணக்கை இங்கேயே பிரிச்சு மேஞ்சிடுவோம்!