மலைப் பிள்ளை மேடை ஏறினால்...

கால் நடுங்குகிறது. நாக்கு மேலே ஒட்டிக்கொள்கிறது. நேற்று இரவு வரை தலைகீழாகச் சொன்ன பேச்சு, "அவையோருக்கு வணக்கம்" என்றதுமே எங்கோ ஓடி மறைந்துவிடுகிறது!

பள்ளிக்கூடத்தில் ஒரு தடவையாவது மேடை ஏறியவர்களுக்கு இந்தப் பாடு தெரியும். அதுவும் உதகை என்றால், பையன் நடுங்குவது குளிராலா, பயத்தாலா என்று ஆசிரியருக்கே தெரியாது.

காந்தியடிகள், நேரு, அம்பேத்கர், பெரியார், அண்ணா, கலைஞர் ஆகியோரின் பிறந்த நாளையொட்டி, தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி நடத்துகிறது. முதல் பரிசு 5,000 ரூபாய். இரண்டாவது 3,000. மூன்றாவது 2,000. அரசுப் பள்ளி மாணவர் இருவருக்குத் தனியாகச் சிறப்புப் பரிசும் உண்டு.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் நீலகிரியில் அந்த மேடைக்கு ஒரு பிள்ளை எப்படி வந்து சேருகிறது?

சேரங்கோடு பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். கூடலூரிலிருந்து உதகைக்கே சுமார் 50 கிலோமீட்டர். அவள் ஊர் அதற்கும் அப்பால். விடியும் முன் பஸ் ஏற வேண்டும். மலைப் பாதையின் வளைவுகளில் வயிறு புரட்டும். கூட வருவதற்கு அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போய்விடும். "பெண் பிள்ளைக்கு மேடை எதற்கு?" என்று கேட்க அக்கம்பக்கத்தில் நாலு பேர் இருப்பார்கள். இத்தனையும் தாண்டி வந்து, ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை ஒப்பித்துவிட்டுத் திரும்பிப் போகிறாள்.

வீட்டுப் பேச்சும் மேடைப் பேச்சும்

நீலகிரியில் வீட்டுக்கு வீடு மொழி மாறும். படுகர் வீட்டில் படுகு மொழி. தோடர், கோத்தர், குறும்பர், இருளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பேச்சு. கூடலூர்ப் பக்கம் மலையாளமும் உண்டு. தோட்டத்து லயன்களில் கேட்பது தமிழ்தான். ஆனால் அதில் பெரும் பகுதி இலங்கை மலையகத்தில் பழகி வந்த தமிழ்.

1964-ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளச் சம்மதித்தது. அப்படித் தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று இந்த மலைப் பள்ளிகளில் படிக்கிறார்கள்.

இந்தப் பிள்ளைகளுக்கு மேடைத் தமிழ் ஏறக்குறைய ஒரு புது மொழி. அதனால் மனப்பாடம் செய்கிறார்கள். மனப்பாடம் முழுக்கத் தப்பு என்று சொல்லிவிட முடியாது. லகர, ழகரம் நாவில் படிய அது உதவும். ஆனால் நடுவில் ஒரு சொல் மறந்தால் அடுத்த சொல்லும் வராது. ஏனென்றால் அந்தச் சொல் எதுவும் அவளுடையது அல்ல.

வீட்டு மொழி வேறாக இருப்பது தடையும் அல்ல. படுகர் பெண்களில் முதல் பட்டதாரியான அக்கம்மா தேவி, 1962-இல் நீலகிரித் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்கே போனார்.

பேச முடியாத பாரிஸ்டர்

காந்தியடிகள் லண்டனில் படித்தபோது சைவ உணவுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தார். கூட்டத்தில் அவருக்கு வாய் திறக்காது. ஒரு தடவை தம் கருத்தைத் தாளில் எழுதிக்கொண்டு போனார். அதை வாசிக்கக்கூடத் தைரியம் வரவில்லை. வேறொருவர்தான் வாசித்தார். 1891-இல் ஊர் திரும்பும் முன் நண்பர்களுக்கு விருந்து வைத்தார். சில வாக்கியங்களே கொண்ட சிறு பேச்சைத் தயார் செய்திருந்தார். முதல் வாக்கியத்துக்கு மேல் ஓடவில்லை. பம்பாய் வந்து முதல் வழக்கில் எழுந்து நின்றார். தலை சுற்றியது. கேள்வி ஒன்றும் கேட்காமலே உட்கார்ந்துவிட்டார்.

இதே மனிதர் 1893-இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் இந்திய வியாபாரிகளைக் கூட்டிப் பேசினார். வியாபாரத்தில் உண்மையாக நடப்பது பற்றிய பேச்சு அது. தம் வாழ்க்கையின் முதல் பொதுப் பேச்சு என்று அவரே அதைக் குறிப்பிடுகிறார். நா எப்படி இளகியது? சொல்லியே தீர வேண்டிய விஷயம் ஒன்று அவரிடம் இருந்தது. எதிரே இருந்தவர்களின் கஷ்டமும் அவருக்குத் தெரிந்திருந்தது. 1934-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் குன்னூருக்கு வந்து தங்கி, தீண்டாமை ஒழிப்புக்காக இந்த மலைமேலும் பேசினார்.

தோட்டத்துப் பெண்ணிடம் விஷயத்துக்கா பஞ்சம்? பாதையில் யானை நின்றால் பள்ளிக்கு எப்படிப் போவது, மழையில் மண் சரிந்தால் பஸ் எத்தனை நாள் வராது, பச்சைத் தேயிலைக்கு விலை இறங்கினால் சிறு விவசாயி வீட்டில் என்ன நடக்கும்... இவையெல்லாம் உதகையில் உட்கார்ந்திருக்கும் நடுவருக்கு அவள் சொல்லித்தர வேண்டிய பாடங்கள்.

ஆகையால் போட்டி விதியைக் கொஞ்சம் மாற்றலாம். ஒப்பித்து முடித்ததும் நடுவர் ஒரு கேள்வி கேட்கட்டும். மார்க்கில் பாதி அந்தப் பதிலுக்கு. எழுதிக் கொடுத்த பேச்சு எது, சொந்தப் பேச்சு எது என்பது அப்போதே தெரிந்துவிடும். சில பள்ளிகளுக்கு இது பிடிக்காது. பிடிக்காமல் போகட்டும்!

ஊராட்சிகளில் குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி போன்ற நாட்களில் கிராம சபை கூடுகிறது. வாக்காளர் யாரும் எழுந்து கேள்வி கேட்கலாம். தண்ணீர்க் குழாய், தெருவிளக்கு, ரோடு, எதைப் பற்றியும் கேட்கலாம். அங்கே பல தாய்மார்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போகிறார்கள். சொல்ல விஷயம் இல்லாமலா? எழுந்து நின்று பழக்கம் இல்லை. நாலைந்து வருஷத்தில் அந்தப் பெண்ணும் வாக்காளர்தான்.

வெள்ளிக்கிழமை கடைசி மணியில் தமிழாசிரியர் பத்து நிமிஷம் ஒதுக்கினால் போதும். "உங்கள் லயனில் இந்த வாரம் என்ன நடந்தது?" என்று கேட்கட்டும். வீட்டுப் பேச்சிலேயே அவள் சொல்லட்டும். யாரும் சிரிக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் வாரம் இரண்டு வாக்கியம் பேசிவிட்டு உட்கார்ந்தால், உட்காரட்டும். லண்டன் விருந்தில் பேசியதைவிட அது ஒரு வாக்கியம் அதிகம்.